நேற்றைய கணக்கு எங்கே போச்சு? – கணினிக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே இருக்கின்றன: ஃபைலைத் திறப்பது, இல்லாத ஃபைலை உருவாக்குவது, எழுதியது காணாமல் போவது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். வழக்கம்போல நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம், டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி, விருதுநகர்: அப்பாவின் மளிகைக் கடைக்காகப் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அன்றைய விற்பனையைக் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் எழுதும். எழுதுகிறது, ஆனால் மறுநாள் பார்த்தால் நேற்றைய கணக்கு இல்லை, இன்றையது மட்டும்தான் இருக்கிறது. எங்கே தப்பு?

நீங்கள் புரோகிராமை அனுப்பவில்லை, ஆனாலும் ஃபைலைத் திறக்கும் வரி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம்: ஓப்பன்("விற்பனை.டெக்ஸ்ட்", "டபிள்யூ"). அந்த "டபிள்யூ"தான் ஆள். பாடப்புத்தகத்தில் 'எழுதுவதற்கு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், ஆனால் அந்த ஒற்றை எழுத்து கணினிக்குச் சொல்வது இதைத்தான்: இந்தப் பெயரில் ஃபைல் இல்லையா, புதிதாக உருவாக்கு, இருக்கிறதா, உள்ளே உள்ளதை முழுக்கத் துடைத்துவிட்டு வெறும் சிலேட்டாகக் கொடு. கேட்டுவிட்டுத் துடைக்காது, எச்சரிக்கையும் வராது, ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

இதில் பலருக்கும் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. துடைப்பது நீங்கள் எழுதும்போது நடப்பதில்லை, திறந்த அந்த நொடியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஒரு எழுத்துகூட எழுதாமல் மூடினாலும் ஃபைல் காலிதான். உங்கள் புரோகிராம் முதல் வரியில் "டபிள்யூ"வில் திறந்து, இரண்டாவது வரியில் விற்பனைத் தொகையைக் கேட்டு, அதை 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றுகிறது என்று வையுங்கள். அப்பா 500 என்று அடிப்பதற்குப் பதிலாக "ஐநூறு" என்று அடித்துவிட்டால் பைத்தான் வேல்யூ எர்ரர் சொல்லி அங்கேயே நின்றுவிடும். இன்றைய கணக்கும் ஏறவில்லை, நேற்று வரை இருந்ததும் போச்சு. அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு, சரிபார்த்து, எழுத வேண்டியதைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு கடைசியில் ஃபைலைத் திறப்பதுதான் புத்திசாலித்தனம். (சும்மா ஒரு தகவல்: அப்பா ௫௦௦ என்று தமிழ் எண்களில் அடித்தால் பைத்தான் அதை ஒழுங்காக 500 என்று எடுத்துக்கொள்ளும். யாராவது நண்பரிடம் செய்து காட்டுங்கள், நம்ப மாட்டார்.)

உங்களுக்கு வேண்டியது "ஏ", அதாவது சேர்த்து எழுதும் மோட். ஃபைல் இல்லாவிட்டால் இதுவும் உருவாக்கித் தரும், இருந்தால் உள்ளதைத் தொடாமல் கடைசியில் கொண்டுபோய் ஒட்டும். எழுத்தை மாற்றியதும் அடுத்த பிரச்சினை வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 'ரைட்' தானாக வரியை உடைக்காது. முதல் நாள் 1200, மறுநாள் 950 என்று எழுதினால் ஃபைலில் 1200950 என்று இருக்கும், அப்பா பார்த்தால் கடையை விரிவுபடுத்தலாம் என்று கிளம்பிவிடுவார். தொகைக்குப் பின்னால் பின்சாய்கோடும் 'என்' எழுத்தும் சேர்த்து எழுதுங்கள், அல்லது 'பிரின்ட்'டையே பயன்படுத்தி அதன் கடைசியில் ஃபைல்=எஃப் என்று கொடுங்கள் (எஃப் என்பது திறந்த ஃபைலுக்கு நிரலில் நீங்கள் வைத்த பெயர்), அது வரியை உடைத்தே எழுதும். தேதியையும் அதே வரியில் முன்னால் போட்டுவிட்டால் மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்க வசதி.

பொறியியல் மாணவர், கோவை: தமிழ் வார்த்தைகள் உள்ள ஒரு ஃபைலைப் படிக்கிறேன். நண்பனின் உபுண்டு லேப்டாப்பில் ஓடும் அதே புரோகிராம், என் விண்டோஸில் "சார்மேப் கோடெக்கால் 8-ஆம் இடத்தில் உள்ள 0எக்ஸ்8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை" என்று எர்ரர் அடிக்கிறது. ஃபைலின் முதல் வார்த்தை 'அம்மா'. ஃபைல் கெட்டுப்போய்விட்டதா?

ஃபைல் நன்றாக இருக்கிறது தம்பி. கெட்டது புள்ளியால்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்த எழுத்துக்கு எந்த பைட் என்று சொல்லும் முறைக்குத்தான் என்கோடிங் என்று பெயர், உங்கள் ஃபைல் யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அ என்பதற்கு 3, ம என்பதற்கு 3, அப்புறம் அதன் தலையில் வைக்கிற புள்ளிக்குத் தனியாக 3. யூனிகோடில் 'ம்' என்பது ஒரு குறி கிடையாது, ம-வும் புள்ளியுமாக இரண்டு குறி. அந்தப் புள்ளியின் 3 பைட்டுகளில் கடைசி பைட்தான் 8டி (பதினாறடிமான எண், எர்ரரில் முன்னால் வந்த 0எக்ஸ் அதற்கான அடையாளம்). பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும், அந்தக் கணக்கில் அது சரியாக 8-ஆம் இடத்தில் வந்து உட்கார்கிறது, எர்ரர் சொன்ன அதே இடம்.

அந்த பைட்டில் விண்டோஸுக்கு என்ன பிரச்சினை? ஃபைலை எந்த என்கோடிங்கில் படிப்பது என்று நீங்கள் சொல்லாவிட்டால் பைத்தான் இயங்குதளத்தைக் கேட்கும். உபுண்டு யூடிஎஃப்-8 என்று சொல்லும், வேலை முடிந்தது. ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸோ சிபி1252 என்ற பழைய பட்டியலைக் கொடுக்கும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காகச் செய்த பட்டியல் அது, ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. அதில் 5 இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கின்றன: 81, 8டி, 8எஃப், 90, 9டி. நம் புள்ளி 8டி-யில் விழுகிறது. உகரக் குறி, கு, து, மு எல்லாவற்றிலும் வருகிறதே அது, 81-இல் விழுகிறது. ஏ என்ற எழுத்து 8எஃப்-இல், ஐ என்ற எழுத்து 90-இல். புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு முழு வாக்கியம் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும் ஏன் தமிழ் ஃபைல் எதுவுமே அந்தப் பட்டியலில் தப்பிக்க முடியாது என்று.

'பாடகி' மாதிரி ஒரு வார்த்தை மட்டும் ஃபைலில் இருந்தால் எர்ரரே வராது, அது இன்னும் மோசம். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலக் குட்டி 'ஏ', பக்கத்தில் வணிகச் சின்னத்துக்குப் போடுகிற வட்டத்துக்குள் 'ஆர்', திரும்ப அதே 'ஏ' என்று வரிசையாக வரும். வலைத்தளங்களிலும் பழைய மின்னஞ்சல்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். யூடிஎஃப்-8 தமிழை யாரோ சிபி1252 ஆகப் படித்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

தீர்வு ஒரு சொல்தான்: ஓப்பன்("வார்த்தைகள்.டெக்ஸ்ட்", "ஆர்", என்கோடிங்="யூடிஎஃப்-8"). படிக்கும்போது மட்டுமல்ல, எழுதும்போதும் போடுங்கள். போடாமல் "டபிள்யூ"வில் திறந்து தமிழ் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? திறந்ததும் ஃபைல் துடைக்கப்படும், அப்புறம் 'ரைட்' வரியில் இந்த எழுத்தை என்கோட் செய்ய முடியாது என்று எர்ரர் வரும். விருதுநகர்க்காரருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும், வேறு வழியாக.

எல்லா வரியிலும் சேர்க்கச் சோம்பலாக இருந்தால் பைத்தான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறியை (இயங்குதளத்தின் அமைப்பில் வைக்கும் மதிப்பு) 1 என்று வைத்துவிடலாம், 3.7 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. 3.15 பதிப்பு முதல் யூடிஎஃப்-8-ஐயே இயல்பாக்குவது என்று பைத்தான் குழு முடிவெடுத்துவிட்டது. அப்படியிருந்தும் என்கோடிங்கை எழுதுவதுதான் நல்லது என்பது என் கட்சி, ஏனென்றால் உங்கள் புரோகிராம் எந்தக் கல்லூரி லேபில், எந்தக் காலத்துப் பைத்தானில் ஓடப்போகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்: என்கோடிங் எல்லாம் சரியாகக் கொடுத்துத்தான் திறக்கிறேன். எர்ரரும் இல்லை. ஆனால் என்னுடைய பழைய கட்டுரைகள் திரையில் ஆங்கில எழுத்துகளாக, அர்த்தமே இல்லாமல் வருகின்றன. 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

ஐயா, அந்த ஐந்து குறிகளைச் சொன்னீர்களே, அதுவே போதும். கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்த ஃபைலுக்குள் தமிழ் என்று எதுவும் இல்லை, ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது எழுத்துரு. பைத்தான் உள்ளதை உள்ளபடி படித்துக் கொடுக்கிறது, அதன்மேல் குற்றமில்லை. எந்த என்கோடிங் கொடுத்தாலும் இது மாறாது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, முதலில் அதில் போட்டு எடுத்து, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துவிட்டு அப்புறம் பைத்தானுக்கு வாருங்கள். மூல ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். கொம்பு வரும் இடங்களிலும், நடுவே ஆங்கிலச் சொல் வரும் இடங்களிலும் மாற்றிகள் சறுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க மூலம் வேண்டும்.

வேலை தேடும் இளைஞர், சேலம்: "ஆர் பிளஸ்", "டபிள்யூ பிளஸ்", "ஏ பிளஸ்" மூன்றிலும் படிக்கலாம், எழுதலாம் என்றால் எதற்கு மூன்று? இன்டர்வியூவில் கேட்டார்கள், முழித்தேன்.

கூட்டல் குறி சொல்வது, இரண்டு வேலையும் செய்யலாம் என்று மட்டும்தான். திறக்கும்போது ஃபைலுக்கு என்ன நடக்கும் என்பதை முன்னால் உள்ள எழுத்துதான் தீர்மானிக்கிறது. "டபிள்யூ+" போட்டால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடும், பழசைப் படிக்கலாம் என்று போனால் படிக்க ஒன்றும் இருக்காது. "ஏ+" இருந்ததை விட்டுவைக்கும், ஆனால் எழுதுவதெல்லாம் கடைசியில்தான் போய்ச் சேரும், நீங்கள் 'சீக்' போட்டு ஃபைலின் தொடக்கத்துக்கு நகர்ந்தாலும் சரி. "ஆர்+" துடைக்காது, ஃபைல் இல்லையென்றால் உருவாக்கவும் செய்யாது, எர்ரர்தான் தரும்.

இந்த "ஆர்+"இல் இன்டர்வியூக்காரர்கள் கேட்காத ஒரு கண்ணி இருக்கிறது. ஃபைலில் 1000 என்று ஒரு கடன் தொகை இருக்கிறது. கடன்காரர் 950 கொடுத்துவிட்டார், பாக்கி 50. நீங்கள் "ஆர்+"இல் திறந்து 50 என்று எழுதி மூடுகிறீர்கள். இப்போது ஃபைலில் என்ன இருக்கும்? 5000. முதல் இரண்டு இலக்கங்களின் மேல் உங்கள் 50 போய் உட்கார்ந்தது, மீதி இரண்டு பூஜ்யமும் அப்படியே இருக்கின்றன. ஃபைலில் நடுவே செருகுவது, சுருக்குவது என்றெல்லாம் கிடையாது, பைட்டின் மேல் பைட்டாக ஏறும், அவ்வளவுதான். எழுதி முடித்ததும் 'டிரங்கேட்' கூப்பிட்டு வாலை வெட்டினால் 50 நிற்கும். நான் என்றால் சின்ன ஃபைலுக்கு "ஆர்+" பக்கமே போக மாட்டேன், முழுவதையும் படித்து, நினைவகத்திலேயே மாற்றி, முழுவதையும் திரும்ப எழுதிவிடுவேன்.

பள்ளி மாணவர், தஞ்சாவூர்: ஃபைல் அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், பைத்தான் மட்டும் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்கிறது.

மூன்று இடத்தில் பாருங்கள். ஒன்று, வெறும் பெயரைக் கொடுத்தால் பைத்தான் உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டரில் தேடுவதில்லை, நிரலை எந்த ஃபோல்டரிலிருந்து ரன் செய்தீர்களோ அங்கே தேடும். பல நேரம் இரண்டும் ஒன்றாக இருப்பதால் வித்தியாசம் தெரிவதில்லை. விஎஸ் கோடில் மேலே உள்ள பெரிய ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் நிரலை ஓட்டினால் தெரிந்துவிடும். ஓஎஸ் மாட்யூலில் 'கெட்சிடபிள்யூடி' என்று ஒன்று இருக்கிறது, அதை பிரின்ட் செய்து பாருங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

இரண்டு, ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது நீங்களே கடைசியில் .டிஎக்ஸ்டி என்று சேர்த்திருந்து, அது இரண்டு தடவை ஒட்டியிருக்கலாம். புது ஃபைலை வலது கிளிக்கில் உருவாக்கிப் பெயர் மாற்றுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் தெரிந்த நீட்டிப்புகளை விண்டோஸ் மறைத்துவைக்கும். எக்ஸ்புளோரரில் நீட்டிப்பைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள், குட்டு உடையும்.

மூன்று, முழு வழியையும் கொடுத்திருந்தால் பின்சாய்கோட்டைக் கவனியுங்கள். சி டிரைவில் 'நியூ' என்ற ஃபோல்டர் என்று வையுங்கள்: ஆங்கிலத்தில் அது 'என்'னில் தொடங்கும், பின்சாய்கோடும் 'என்'னும் சேர்ந்தால் பைத்தானுக்கு அது வரி முறிவு. 'டெஸ்ட்' என்றால் அந்த 'டி'யோடு சேர்ந்து டேப் ஆகிவிடும். 'யூசர்ஸ்' ஃபோல்டர் என்றால் நிரல் தொடங்கவே தொடங்காது, தொடரிலக்கணப் பிழை என்று சொல்லிவிடும். பின்சாய்கோட்டுக்குப் பதில் முன்சாய்கோடு போட்டால் விண்டோஸிலும் வேலை செய்யும், இல்லையென்றால் மேற்கோளுக்கு முன்னால் ஒரு 'ஆர்' போடுங்கள். அந்த 'ஆர்' வேறு, படிக்கும் மோட் 'ஆர்' வேறு.

கூடவே ஒன்று. எழுதத் திறக்கும்போதே இந்த எர்ரர் வந்தால் ஃபோல்டர் இல்லை என்று அர்த்தம். ஓப்பன் ஃபைலைத்தான் உருவாக்கும், ஃபோல்டரை உருவாக்காது.

சிறு நிறுவனம் நடத்துபவர், மதுரை: 'க்ளோஸ்' போடாவிட்டால் என்ன? இதுவரை போட்டதே இல்லை, எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது.

ஓடும். நிரல் ஒழுங்காக முடிந்தால் பைத்தானே மூடிவிடும், நாம் பொதுவாகப் பயன்படுத்தும் பைத்தானில் அந்த ஃபைலைச் சுட்டும் மாறி ஒன்றும் மிச்சமில்லை என்றாலே உடனே மூடிவிடும். பைபை மாதிரி வேறு வகைப் பைத்தானில் எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. பிரச்சினை, ஒழுங்காக முடியாதபோது. நீங்கள் 'ரைட்' சொன்னவுடன் எழுத்து வட்டுக்குப் போவதில்லை, நடுவே ஒரு தாங்கியில் (பஃபர்) சேர்கிறது. நீண்ட காலம் அதன் அளவு பெரும்பாலும் 4096 அல்லது 8192 பைட்டாக இருந்தது. அது நிரம்பினாலோ, மூடினாலோ, 'ஃப்ளஷ்' சொன்னாலோதான் அடுத்த கட்டத்துக்குப் போகும். நாளெல்லாம் ஓடும் பில் புரோகிராம் ஒன்று பத்து வரி எழுதிவிட்டு இருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் யாரோ அதைக் கொன்றுவிட்டார்கள் என்றால் அந்தப் பத்து வரியும் ஃபைலில் இருக்காது. ஃபைலைத் திறந்து பார்க்கிறவர் புரோகிராம் எழுதவே இல்லை என்று சண்டைக்கு வருவார்.

அதனால்தான் 'வித்' இருக்கிறது: வித் ஓப்பன்(...) ஆஸ் எஃப் என்று எழுதி, வேலையை அதன் கீழே உள்தள்ளி எழுதினால், நடுவில் எர்ரர் வந்தாலும் மூடிவிட்டுத்தான் வெளியே வரும். 2006-இல் வந்த 2.5 பதிப்பிலேயே நுழைந்துவிட்ட வசதி இது, இன்னும் பல பயிற்சி நிலையங்களில் க்ளோஸ் போட மறக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

கரண்ட் போகும் ஊர் என்றால் இதுவும் போதாது. மூடிய பிறகும் இயங்குதளம் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் வட்டில் எழுதும். முக்கியமான கணக்கு ஃபைலுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு: புதிய உள்ளடக்கத்தை அதே ஃபோல்டரில் வேறொரு தற்காலிகப் பெயரில் எழுதுங்கள், ஃப்ளஷ் செய்யுங்கள், ஓஎஸ் மாட்யூலின் 'எஃப்சிங்க்' போட்டு வட்டுக்கே தள்ளுங்கள், மூடுங்கள், அப்புறம் 'ரீப்ளேஸ்' மூலம் பழைய பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் எப்போது கரண்ட் போனாலும் பழைய ஃபைலாவது முழுசாக இருக்கும். "டபிள்யூ"வில் நேரடியாகத் திறந்தால் அந்த உத்தரவாதம் கிடையாது, துடைத்தாகிவிட்டது, புதியது இன்னும் வரவில்லை என்ற அந்தச் சின்ன இடைவெளியில்தான் கரண்ட் போகும்.

இன்னொன்று, மூடாமலே சுழற்சிக்குள் ஃபைல் மேல் ஃபைலாகத் திறந்து ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் 'ஏராளமான ஃபைல்கள் திறந்திருக்கின்றன' என்ற எர்ரர் வரும். பல லினக்ஸ் கணினிகளில் ஒரு நிரலுக்கு இயல்பான வரம்பு 1024.

அதே வாசகர்: பில் எண் பெயரில் ஃபைல் உருவாக்குகிறேன். ஏற்கெனவே இருந்தால் அதன் மேல் எழுதிவிடக் கூடாது. முதலில் 'எக்ஸிஸ்ட்ஸ்' போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், சரிதானே?

ஒரே ஒரு கணினியில், ஒரே ஒருவர் பில் போட்டால் சரி. இரண்டு கவுன்டர் இருந்தால் இருவருமே பார்ப்பார்கள், இருவருக்குமே "இல்லை" என்று பதில் வரும், இருவருமே எழுதுவார்கள், ஒரு பில் காலி. மோட் "எக்ஸ்" போடுங்கள். 3.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. இல்லையென்றால் உருவாக்கும், இருந்தால் 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ் எர்ரர்' தரும், பார்ப்பதும் உருவாக்குவதும் இயங்குதளத்தில் ஒரே மூச்சில் நடக்கும். எர்ரரைப் பிடித்து அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம். சி மொழிக்காரர்களுக்கும் 2011 தரத்தில் 'எஃப்ஓப்பன்'னில் இதே "எக்ஸ்" வந்துவிட்டது.

பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்: சி மொழியில் 'வைல் நாட் எஃப்இஓஎஃப்' போட்டு வரி வரியாகப் படித்து அச்சிடுகிறேன். கடைசி வரி இரண்டு தடவை வருகிறது. நண்பனின் ஃபைலில் வரவில்லை.

லேப் ரெக்கார்டு நோட்டுகளில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும் வரி இது, நீங்கள் மட்டும் என்ன செய்வீர்கள். 'எஃப்இஓஎஃப்' எதிர்காலத்தைச் சொல்வதில்லை. அடுத்து படிக்க ஏதாவது இருக்கிறதா என்று அது பார்க்காது. போன தடவை படிக்கப் போய் முடிவில் முட்டினோமா என்று மட்டும்தான் சொல்லும். கடைசி வரியை 'எஃப்கெட்ஸ்' படித்து, வரி முறிவோடு நின்றுவிட்டது. இன்னும் முட்டவில்லை. சுழற்சி மறுபடி உள்ளே போகிறது, எஃப்கெட்ஸ் இப்போதுதான் முட்டுகிறது, 'நல்' (ஒன்றும் கிடைக்கவில்லை) என்று திருப்பித் தருகிறது, நீங்கள் அதைப் பார்க்கவில்லை. உங்கள் அணியில் (அரே) போன தடவை படித்த வரி அப்படியே கிடக்கிறது, பிரின்ட்எஃப் அதை எடுத்து மறுபடி அச்சிடுகிறது.

நண்பனின் ஃபைலில் ஏன் வரவில்லை? அவர் கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டவில்லை. வரி முறிவைத் தேடிப் போன எஃப்கெட்ஸ் அந்த வரியிலேயே முடிவில் முட்டிவிட்டது, அதனால் சுழற்சி நேரத்துக்கு நின்றது. எஃப்இஓஎஃப்-ஐ எடுத்துவிட்டு, எஃப்கெட்ஸ் தருவது நல் இல்லாத வரை என்று வைல் போடுங்கள், இரண்டு ஃபைலுக்கும் சரியாக வரும். அப்படியே எஃப்ஓப்பன் நல் தந்ததா என்றும் ஒரு 'இஃப்' வையுங்கள். பைத்தான் மாதிரி சி கத்தாது, திறக்காத ஃபைலில் படிக்கப் போனால் பெரும்பாலும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாகும்.

கணக்காளர், திருப்பூர்: சிஎஸ்வி ஃபைல் எழுதி எக்செலில் திறந்தால் தமிழ் குப்பையாக இருக்கிறது, ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு காலி வரி வேறு.

இரண்டும் வேறு வேறு நோய். குப்பைக்கு மருந்து, என்கோடிங்கை "யூடிஎஃப்-8-சிக்" என்று கொடுப்பது. அது ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் அடையாளம் வைக்கும், எக்செல் அதைப் பார்த்துத்தான் யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். காலி வரிக்கு, ஓப்பனிலேயே நியூலைன்="" என்று வெற்று மேற்கோள் கொடுங்கள்; சிஎஸ்வி மாட்யூல் தானே விண்டோஸ் பாணி வரி முறிவைப் போடுகிறது, ஓப்பன் அதன்மேல் இன்னொன்றைச் சேர்ப்பதால் வரும் கோளாறு அது. அந்த ஃபைலைத் திரும்பப் படிக்கும்போதும் "யூடிஎஃப்-8-சிக்" என்றே கொடுங்கள், வெறும் யூடிஎஃப்-8 கொடுத்தால் அந்த அடையாளம் முதல் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, 'பெயர்' என்ற பத்தியே இல்லை என்று பைத்தான் சாதிக்கும். 'பர்மிஷன் எர்ரர்' வந்தால் எக்செலில் அந்த ஃபைல் இன்னும் திறந்து கிடக்கிறது, மூடிவிட்டு ஓட்டுங்கள்.

மாணவி, திருச்சி: ஒரு தடவை 'ரீட்' செய்தால் வருகிறது, மறுபடி செய்தால் வெறுமையாக வருகிறது.

முதல் ரீட் கடைசி வரை போய் அங்கேயே நிற்கிறது. எஃப்.சீக்(0) போட்டுத் தொடக்கத்துக்கு வாருங்கள். அதைவிட, முதல் தடவை படித்ததை ஒரு மாறியில் வைத்துக்கொண்டால் இரண்டாவது ரீட் எதற்கு? ஃபைல் பெரியது என்றால் ரீட் வேண்டாம், 'ஃபார்' போட்டு வரி வரியாக எடுங்கள், நினைவகம் தப்பிக்கும்.

புகைப்படக் கலைஞர், புதுச்சேரி: கல்யாணப் படங்களைப் பெயர் மாற்றி வேறு ஃபோல்டருக்கு நகலெடுக்க எழுதிய நிரல், முதல் படத்திலேயே '0-ஆம் இடத்தில் 0எக்ஸ்எஃப்எஃப்' என்று நின்றுவிடுகிறது. நானும் என்கோடிங் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

என்கோடிங்கே வேண்டாம். ஜேபெக் படம் எதுவானாலும் முதல் பைட் எஃப்எஃப்தான், யூடிஎஃப்-8 உரையில் அந்த பைட் எங்கேயுமே வராது, அதனால் முதல் பைட்டிலேயே பைத்தான் கையை விரித்துவிட்டது. "ஆர்பி" என்று படியுங்கள், "டபிள்யூபி" என்று எழுதுங்கள், பைட்டுகளை அப்படியே எடுத்து அப்படியே வைக்கும். வெறும் நகல்தான் வேண்டும் என்றால் 'ஷுட்டில்' மாட்யூலில் 'காப்பி2' இருக்கிறது, ஃபைலின் மாற்றிய தேதியையும் சேர்த்துக் கொண்டுபோகும், ஆல்பம் வரிசைப்படுத்த அது உங்களுக்குத் தேவைப்படும். ஒரே பெயரில் இரண்டு படம் வந்தால் காப்பி2-வும் கேட்காமல் மேலெழுதிவிடும், புதுப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.